எண்ணப்படாத பந்துகள்

டெஸ்ட் கிரிக்கெட்டில் அதிக விக்கெட்டுகளை எடுத்த சுழற்பந்து வீச்சாளர்கள் மூவர். முத்தையா முரளிதரன் 800, ஷேன் வோர்ன் 708, அனில் கும்ப்ளே 619. மூவருக்குமே பந்து வீசும் தோளில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. வோர்னுக்கு 1998இல், கும்ப்ளேக்கு 2001இல், முரளிக்கு 2004இல். கண்டியில் பிசியோவாக வேலை பார்க்கும் எனக்கு இந்த மூன்று வருடங்களும் மனப்பாடம். பாடசாலைப் பையனைக் கூட்டிக்கொண்டு வரும் தகப்பன்மார் பலர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "மகன் ஸ்பின்தானே போடுறான் சேர். வேகமா ஓடிவந்து போடுறவனுக்குத்தானே தோள் நோகணும்?" அப்போது இந்த மூன்று பெயர்களையும் சொல்வேன். அதற்குப் பிறகு அவர்கள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்பார்கள்.

வேகப்பந்து வீச்சாளனுக்கு முதலில் பழுதாவது பெரும்பாலும் முதுகு, கணுக்கால், முழங்கால், தொடைப் பின்தசை. முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்கி முதுகு வழியே ஏறுகிறது. சுழற்பந்து வீச்சாளனுக்கு அந்த அதிர்ச்சி இல்லை. அதனாலேயே அவனிடம் பந்தைக் கொடுத்துவிட்டுத் தலைவன் மறந்துவிடுகிறான். காலையில் ஒரு முனையில் தொடங்கினால் தேநீர் இடைவேளை வரைக்கும் அவன்தான். முரளி டெஸ்ட் போட்டிகளில் மட்டும் 44,039 பந்துகள் வீசியிருக்கிறார். ஒருநாள் போட்டிகளில் இன்னும் 18,811. வலைப்பயிற்சியில் போட்ட பந்துகளுக்கு யாரிடமும் கணக்கில்லை. தோளுக்குப் போட்டிப் பந்தும் வலைப்பயிற்சிப் பந்தும் ஒன்றுதான்.

தோள்மூட்டு எப்படிப்பட்டது என்பதை ஒவ்வொரு பையனுக்கும் நான் விளக்குவதுண்டு. இடுப்பு மூட்டில் தொடை என்பின் தலை ஆழமான குழிக்குள் அமர்ந்திருக்கிறது. தோளில் அப்படியொரு குழி இல்லை. தேத்தண்ணிக் கோப்பையின் தட்டில் ஒரு தோடம்பழத்தை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் மேற்கை என்பின் தலை அங்கே நிற்கிறது. தட்டின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் ஒன்று, அதைச் சுற்றி மூட்டுப் பை, அதற்கு மேல் ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு சிறிய தசைகள். இந்த நான்கும் ஒவ்வொரு அசைவிலும் என்புத் தலையை நடுவில் பிடித்து வைத்திருக்க வேண்டும். கையை இத்தனை பக்கமும் திருப்ப முடிகிறது என்றால், அதற்கு நாம் கொடுத்திருக்கும் விலை இந்த உறுதியின்மை.

பந்து கையை விட்டுப் போன பிறகுதான் தோளின் கஷ்டமான வேலை ஆரம்பமாகிறது. கையும் பந்தோடு போகத்தான் பார்க்கும். அதைப் பின்னால் இருந்து பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கத்து சின்னத் தசைகள். நீளும்போதே இழுத்துப் பிடிக்கும் வேலை அது. மறுநாள் தசையை அதிகம் நோகவைப்பது இந்த வகை வேலைதான். ஒரு ஓவருக்கு ஆறு தடவை. இருபது ஓவர் போட்டால் நூற்றிருபது தடவை. மறுநாள் காலையில் தோளின் பின்பக்கம் கல்லாக இருக்கும். "போடும்போது ஒண்ணும் இல்ல சேர், பொறகுதான் பிடிச்சுக்குது" என்று பையன்கள் சொல்வது இதைத்தான். பந்து போடும்போது தோளின் முன்பக்கம் குத்துகிறது என்று ஒருவன் சொன்னால் நான் இன்னும் கவனமாகக் கேட்பேன். கையை இறக்கும்போது மூட்டுக்குள் ஏதோ சிக்கிக் 'டக்' என்கிறது என்றால் அதைவிடக் கவனமாக.

இறுக்கம் என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லும் விடயத்துக்குள் குறைந்தது மூன்று வேறு விடயங்கள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் கை வைப்பதுதான் எங்கள் தொழிலில் நான் அதிகம் பார்க்கும் கேடு. பிசியோக்களும் அதைச் செய்கிறார்கள்.

அண்மையில் வந்த பதினாறு வயதுப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். ஓஃப் ஸ்பின் போடுகிறவன். வலது தோள் இறுகிவிட்டது, உள்பக்கம் திரும்பவில்லை என்று யாரோ பார்த்துச் சொல்லி, தினமும் கையை மடக்கிக் கீழே அமுக்கும் பயிற்சியைக் கொடுத்திருந்தார்கள். அவனும் விடாமல் செய்திருக்கிறான். வலி கூடிக்கொண்டே போயிருக்கிறது. கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் 90 பாகைக்கு நீட்டி, முழங்கையை மடக்கி, தோட்பட்டை மேலே கிளம்பாதபடி என் பெருவிரலால் முன்பக்கத்து என்பு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளந்தேன். இந்த அழுத்திப் பிடித்தல் இல்லாமல் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. தோட்பட்டை கூடவே எழும்பிவிடும், மூட்டு நன்றாகத் திரும்புவது போலத் தோன்றும். வலது கை உள்ளே 50 பாகை, வெளியே 105. இடது கை உள்ளே 65, வெளியே 90. உள்ளே திரும்புவதில் 15 பாகை குறைவு, உண்மைதான். ஆனால் கூட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் 155.

இந்தப் பையனுக்கு இறுக்கமே இல்லை. அவனுடைய என்பு அப்படி வளர்ந்திருக்கிறது. குழந்தையாகப் பிறக்கும்போது மேற்கை என்பின் தலை பின்பக்கம் நன்றாகத் திரும்பியிருக்கும். வளர வளர அது மெல்ல முன்னுக்குத் திரும்பி வரும். சின்ன வயதிலிருந்தே எறிந்தும் வீசியும் பழகும் கையில் அந்தத் திரும்பல் முழுதாக நடப்பதில்லை. அதனால் வெளித்திரும்பல் கூடுகிறது, உள்திரும்பல் அதே அளவு குறைகிறது. மொத்த வளைவு மாறுவதில்லை. இது நோயல்ல, வீசும் கைக்குக் கிடைத்த வசதி. என்பில் இருக்கும் குறைவை இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் கெடுவது மூட்டுப் பைதான். அந்தப் பையனுக்கு நான் முதலில் செய்த வைத்தியம், அந்த அமுக்கும் பயிற்சியை நிறுத்தச் சொன்னது.

மொத்த வளைவு மற்றப் பக்கத்தைவிட 5 பாகைக்கு மேல் குறைந்திருந்தால் கதை வேறு. அமெரிக்க பேஸ்போல் வீரர்களை அளந்ததிலிருந்து வந்த எல்லைக்கோடு அது. கிரிக்கெட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ள உதவுகிறது. அப்படிக் குறைந்திருந்தால் தோளின் பின்பக்கத்துத் தசையோ பையோ உண்மையிலேயே சுருங்கியிருக்கிறது. பின்னால் சுருங்கினால் கையைத் தூக்கும்போது என்புத் தலை நடுவில் நிற்காமல் மேலேயும் பின்னேயும் நழுவும். லேப்ரத்தின் மேல்விளிம்பு, இருதலைத் தசையின் நாண் வந்து ஒட்டும் இடம், அங்கேதான் தேய்கிறது. இவர்களுக்கு நீட்டல் பயிற்சி வேண்டும். கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து, தோட்பட்டையைச் சுவரோடு சாய்த்து அசையாமல் வைத்து, அரை நிமிடம் பிடிப்பது. பக்கவாட்டில் படுத்து அமுக்கும் பயிற்சியைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். பையன்கள் கையில் பலம் கூடியவர்கள். அமுக்கு என்றால் மற்றக் கையால் உயிரைக் கொடுத்து அமுக்குவார்கள், தோளின் முன்பக்கம் கிள்ளுப்படும்.

மூன்றாவது வகையைக் கண்டுபிடிப்பது கடினம். மூட்டு உள்ளே தளர்ந்திருக்கிறது, அதை மறைக்கத் தசைகள் வெளியே இறுகிக் காவல் நிற்கின்றன. இந்தப் பையன்களைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். பெருவிரலை வளைத்து முன்கையைத் தொடுவான். முழங்கை பின்னுக்கு வளையும். பந்தை நன்றாகத் திருப்புகிறவர்களில் இப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். தோள் பிடித்துவிட்டது என்று இவனுக்கு உருவிவிட்டால் அன்றைக்குச் சுகமாக இருக்கும். இரண்டு நாளில் வலி இரட்டிப்பாக வரும். காவல்காரனை அனுப்பிவிட்டோம், கதவு திறந்தே கிடக்கிறது. இவனுக்கு வேண்டியது பலம். மாதக்கணக்கில், சலிப்பூட்டும் பலம்.

கண்டியைச் சுற்றி நல்ல பெயரெடுத்த பாரம்பரிய முறிவு வைத்தியர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் அங்கே எண்ணெய் கட்டிவிட்டுத்தான் வருவார்கள். சித்தாலேப தைல வாசம் இல்லாத கிரிக்கெட் பையை நான் கண்டதில்லை. எண்ணெயையோ தைலத்தையோ நான் குறை சொல்வதில்லை. சூடு சுகம் தரும், சுகம் தூக்கம் தரும், தூங்கும்போது உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க விடாதீர்கள். டிரெஸ்ஸிங் ரூமில் கூட்டாளி ஒருவன் முதுகுக்குப் பின்னால் முழங்காலைக் கொடுத்து இரண்டு கையையும் இழுத்துவிடுவான், "டக்" என்று சத்தம் வரும், எல்லோரும் கைதட்டுவார்கள். தளர்ந்த தோளுக்கு அது மிக மோசமான பரிசு.

வலிக்கும் இடம் தோளாக இருந்தாலும் குற்றவாளி அங்கே இருப்பது குறைவு. சட்டையைக் கழற்றச் சொல்லி, பின்னால் நின்று, இரண்டு கையையும் மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கச் சொல்வேன். தூக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். இறக்கும்போது, பாதி வழியில், வலது தோட்பட்டையின் உள்விளிம்பு முதுகிலிருந்து பிரிந்து சட்டென்று எழும்பும். தட்டே அசைந்தால் மேலே இருப்பது எப்படி நிற்கும்? பிறகு கதிரையில் உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டி, உடம்பை இடமும் வலமும் திருப்பச் சொல்வேன். நடு முதுகு திரும்பவில்லை என்றால் அந்தக் குறையைத் தோள்தான் நிரப்புகிறது. பிறகு ஒற்றைக் காலில் நின்று பாதி உட்காரச் சொல்வேன். இடுப்பு ஆடினால் தோளுக்குக் கீழிருந்து வரவேண்டிய பலம் வழியிலேயே சிந்திவிடுகிறது. நல்ல பந்துவீச்சில் பலம் காலில் பிறந்து, இடுப்பில் திரும்பி, முதுகில் ஏறி, தோள் வழியாகக் கடைசியில்தான் விரலுக்கு வருகிறது. தோளே பலத்தை உண்டாக்க வேண்டிய நிலை வந்தால் அது நெடுநாள் தாங்காது.

எங்கள் பிள்ளைகளின் நாளைப் பாருங்கள். மடுல்கலையிலிருந்தோ பன்விலையிலிருந்தோ அதிகாலை பஸ். ஒற்றைத் தோளில் புத்தகப் பை, அதே தோளில் கிரிக்கெட் பையும். வளைவு வளைவான பாதை, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பயணம். பிற்பகல் வரைக்கும் மேசையில் கூன் போட்டு எழுத்து. பயிற்சி முடிந்து டியூஷன், அங்கேயும் கூன். வீட்டுக்குப் போனால் ஃபோன். அந்த நடு முதுகு எப்படித் திரும்பும்?

ஆகவே என் மருந்துச் சீட்டில் தோள் பயிற்சி பாதிதான். குப்புறப் படுத்துக் கைகளை ஆங்கில வை எழுத்துப் போலவும் டீ எழுத்துப் போலவும் விரித்துத் தூக்குவது. சுவரில் முன்கைகளைச் சாய்த்துத் தோட்பட்டையை முன்னுக்குத் தள்ளுவது. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி யன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, வெளிப்பக்கம் இழுத்து, எண்ணி மெதுவாக விடுவது. கடையில் விற்கும் வண்ணப் பட்டிகள் விலை கூடியவை, எல்லா வீட்டிலும் வாங்க ஏலாது. டியூப் போதும். இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். பந்து போன பிறகு கையை நிறுத்தும் அந்த வேலைக்கு இதுதான் ஒத்திகை. பையன்கள் இழுக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு இழுத்துவிட்டு, விடும்போது படாரென்று விட்டுவிடுவார்கள். அம்மாவைக் கூட இருந்து பார்க்கச் சொல்வேன். தாய்மார் இதில் தேர்ந்தவர்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இது.

கண்டியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் ஆனால் மழை இறங்கும். பாடசாலைக் கிரிக்கெட் பருவம் தொடங்கியிருக்கும், மைதானம் சேறாகக் கிடக்கும். பத்து நாள் பந்தே தொடாமல் போகும். பிறகு வெயில் எறிக்கும். பயிற்றுநருக்குப் பதற்றம். இழந்த பத்து நாளையும் மூன்று நாளில் பிடிக்கப் பார்ப்பார். ஜனவரி வந்தால் அடுத்தடுத்துப் போட்டிகள், மார்ச்சில் எதிர்ப் பாடசாலையோடு வருடாந்த பிக் மெச். இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கழகத்தின் மென்பந்துச் சுற்றுப்போட்டி. அதைப் பாடசாலைக்குச் சொல்லமாட்டான். கழகமோ பாடசாலையில் என்ன போட்டான் என்று கேட்காது. பந்து லேசாக இருப்பதால் கை இன்னும் வேகமாகச் சுழலும், நிறுத்துவது இன்னும் கடினம் என்பது அவனுக்குத் தெரியாது.

வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றி ஜோன் ஓர்ச்சர்ட் என்ற அவுஸ்திரேலிய மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே போட்டியில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த 21 நாட்களில் காயம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டார்கள். போட்டி நாளில் ஒன்றும் நடக்காது. வலி மூன்று வாரம் கழித்துக்கூட வரலாம். அதனால்தான் யாரும் அந்தப் போட்டியைக் குற்றம் சொல்வதில்லை. "நேற்று சும்மா நாலு ஓவர்தான் போட்டேன் சேர், எப்பிடி வந்திச்சு?" என்பான். நேற்றைய நாலு ஓவரில் வந்ததல்ல அது.

ஆகவே வருகிற ஒவ்வொருவனையும் ஒரு கொப்பி போடச் சொல்கிறேன். திகதி, எங்கே, எத்தனை பந்து, மறுநாள் காலையில் தோள் எப்படி. பாடசாலை, கழகம், வீட்டு முற்றம், கடற்கரைச் சுற்றுலா, எல்லாம் ஒரே கொப்பியில். முதல் கிழமை எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பையனே திகைப்பான். தான் போடுவதாக நினைத்ததைவிட எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும். காயத்திலிருந்து திரும்பும்போது அதே கொப்பியில் நான் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பேன். நின்ற இடத்திலிருந்து 24 பந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு 36. பிறகு ஓட்டத்தோடு, அரை வேகத்தில். மறுநாள் காலை தோள் பழைய நிலைக்கு வந்திருந்தால் மட்டும் அடுத்த படி. வராவிட்டால் அதே படி. இரண்டு கிழமையில் ஆடலாமா, மூன்று கிழமையா என்று கேட்பார்கள். கிழமைக் கணக்கில் பதில் சொல்வதை நான் விட்டுவிட்டேன். பந்துக் கணக்கில்தான் சொல்வேன்.

பொறுமை இல்லாத பையனுக்கு முரளியின் 2004ஆம் ஆண்டைச் சொல்வேன். குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். சின்ன வயதில் மிதவேகம் போட்டுக்கொண்டிருந்தவரைப் பதினான்கு வயது வாக்கில் சுழலுக்கு மாற்றியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத அவருடைய முழங்கையைப் பற்றி உலகமே வாதாடியது. அந்த வாதத்தின் இரைச்சலில் தோளைப் பற்றி யாரும் பேசவில்லை. 2004 மே மாதம் ஹராரேயில் கோர்ட்னி வோல்ஷின் 519 விக்கெட்டுகளைத் தாண்டி உலக சாதனை. ஆகஸ்டில், தென்னாபிரிக்கா இங்கே ஆட வந்திருந்த காலத்தில், வலது தோள் இனி முடியாது என்றது. மெல்பர்னில் சத்திரசிகிச்சை. அப்போது அவர் கணக்கில் 532 விக்கெட்டுகள். அவர் தோளைத் தேற்றிக்கொண்டிருந்த ஒக்டோபரில் சென்னையில் வோர்ன் அந்த 532ஐத் தாண்டிப் போனார். அந்த வோர்னே ஆறு வருடத்துக்கு முன் அதே கஷ்டத்தைக் கடந்து வந்தவர்.

சாதனை கைவிட்டுப் போகிறது, தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள், தான் கட்டிய பட்டியை இழுத்து மெதுவாக விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொல்வேன். 2005 ஜூலையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அஸ்கிரியவில் ஒரே இன்னிங்ஸில் 46 ஓட்டங்களுக்கு 8 விக்கெட். சொந்த ஊரில், மலையை வெட்டிச் சமன் செய்த அந்த மைதானத்தில். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மட்டும் அவர் எடுத்தவை 268 விக்கெட்டுகள். 2007 டிசம்பரில் வோர்னின் 708ஐத் தாண்டி 709ஆவதாகப் போல் கொலிங்வூட்டை வீழ்த்தியதும் இதே அஸ்கிரியவில்தான். இது எனக்கு ஒரு கிரிக்கெட் செய்தி மட்டுமல்ல. வெட்டித் தைத்த தோளை அவசரப்படாமல் தேற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே இருக்கும் சாட்சி.

அதே அஸ்கிரிய மைதானம் திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமானது. அந்தக் கல்லூரியிலிருந்து வந்த மதீஷ பத்திரனவைப் பார்த்து இப்போது கண்டிப் பையன்கள் பலர் கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி வீசிப் பார்க்கிறார்கள். லசித் மாலிங்கவின் வழியில் வந்த வீச்சு. பத்திரன 2023 உலகக் கிண்ணத்தின் நடுவில் தோள் காயத்தால் விலக, அவருக்குப் பதிலாக அஞ்சலோ மெத்யூஸ் போனார். 2024இல் இந்தியாவுடனான இருபது ஓவர் போட்டியொன்றில் பிடியெடுக்கப் பாய்ந்து விழுந்ததில் மறுபடி வலது தோள். அந்த வீச்சில் கை உடம்புக்குப் பின்னால் விரிந்து வெளித்திரும்பிக் கிடக்கும் கணத்தில் தோளின் முன்பக்கத்துப் பை முழுதாக இழுபடுகிறது. இயல்பாக அப்படி வருகிறவனை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. அவனுக்கு வயிற்றுப் பக்கத் தசைகளும் தோட்பட்டையும் மற்றவர்களைவிடப் பலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்துப் பழகுகிறவனிடம் மட்டும், இது உன் தோளுக்குப் பிறந்த வீச்சா என்று கேட்பேன்.

பத்திரனவின் இரண்டாவது காயம் களத்தடுப்பில் வந்தது என்பதையும் கவனியுங்கள். பாய்ந்து விழுவது மட்டுமல்ல, பந்துவீச்சாளனின் தோளைக் கெடுப்பதில் எல்லைக்கோட்டிலிருந்து எறியும் எறிக்கும் பெரிய பங்கு உண்டு. பத்து ஓவர் போட்டுக் களைத்தவனை எல்லைக்கோட்டில் நிறுத்துகிறார்கள். அரை மணி நேரம் கை ஆறிக் குளிர்ந்து போயிருக்கும். கண்டியின் ஜனவரிக் காலையில் அது இன்னும் மோசம். திடீரென்று ஒரு பந்து வரும், அறுபது மீற்றர் தூரத்தை ஒரே எறியில் எறிவான். அந்த எறிகளும் கொப்பியில் ஏற வேண்டும். இதைச் சொன்னால் பயிற்றுநர்கள் சிலர் சிரிக்கிறார்கள். இன்னும் சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், அவர்கள் அணிப் பையன்கள் என்னிடம் வருவது குறைந்திருக்கிறது.

வலியை ஒளிப்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் விடயம். ஒரு பாடசாலையில், பெயர் வேண்டாம், தோள் நோகிறது என்று சொன்ன பையனை அடுத்த போட்டியில் நிறுத்திவிட்டு, குணமான பிறகும் சேர்க்கவில்லை. அதைப் பார்த்த மற்றப் பையன்கள் வாயைத் திறப்பார்களா? வலிமாத்திரை போட்டுக்கொண்டு பிக் மெச் ஆடினார்கள். பிக் மெச் எவ்வளவு பெரிய விடயம் என்பது எனக்குத் தெரியாமலில்லை. தர்மராஜ கல்லூரியும் கிங்ஸ்வூட்டும் மோதும் நாளில் இந்த ஊரில் பாதிப் பேருக்கு வேறு பேச்சில்லை. அந்த நாளை இழக்கச் சொல்லிப் பதினேழு வயதுப் பையனிடம் கேட்பது கொடுமை. அதனாலேயே ஜனவரியில் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவேண்டும். ஜனவரியில் சொன்னால் மார்ச்சுக்குள் ஏதாவது செய்யலாம். பிக் மெச்சுக்கு நாலு நாள் முன்னால் வந்தால் நான் ஐஸ் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பழைய வீரர்களும் வருகிறார்கள். நாற்பது ஐம்பது வயதில் கழகங்களுக்கு ஆடுகிறவர்கள், அநேகமாக நீரிழிவோடு. இவர்களுடைய தோள் இறுக்கம் முற்றிலும் வேறு. முழங்கையை விலாவோடு வைத்து நான் கையை வெளியே திருப்பினாலும் திரும்பாது, அவர் திருப்பினாலும் திரும்பாது. உறைந்த தோள். பந்து போட்டதால் வந்தது என்று அவர் நம்புவார், சீனிதான் பெரும்பாலும் காரணம். கொழுந்துக் கூடை சுமந்த தோட்டத்துப் பெண்களிடமும் இதே தோளைப் பார்க்கிறேன், அவர்களுக்கு ஓய்வெடுக்கச் சொல்லப் பருவம் என்று ஒன்று முடிவதுகூட இல்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு விடயம். பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்குள் இருப்பவனின் மேற்கை என்பில், தோளுக்குச் சற்றுக் கீழே, வளர்ச்சித் தட்டு ஒன்று இன்னும் திறந்திருக்கும். பதின்ம வயதின் கடைசியில்தான் அது மூடும். அந்த வயதில் தசைநாணைவிட அந்தத் தட்டு பலம் குறைந்தது. ஆகவே பெரியவனுக்குத் தசைப்பிடிப்பாக வருகிற சுமை சின்னவனுக்கு அந்தத் தட்டில் விரிசலாக வரலாம். மேற்கையின் வெளிப்பக்கத்தைச் சுற்றி அமுக்கினால் வலி, எறியும்போது வலி, விட்டால் இல்லை. இப்படி இருந்தால் எண்ணெய் கட்ட வேண்டாம், என்னிடம் நேராக வரவும் வேண்டாம். முதலில் ஒரு டொக்டரிடம் காட்டி இரண்டு தோளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டில் விரிசல்தான் என்று உறுதியானால் மாதக்கணக்கில் எறியவும் வீசவும் கூடாது. துடுப்பெடுத்தாடலாமா என்பதை டொக்டர் சொல்வார். ஓடலாம். பெரும்பாலும் முழுதாகக் குணமாகும். படுத்திருக்கும்போது இரவில் எழுப்பும் வலி, கையில் மரத்துப்போதல், கையைத் தூக்கவே முடியாத பலவீனம், இவற்றில் எது இருந்தாலும் அன்றே போங்கள். அடுத்த சனிக்கிழமை மெச் முடியட்டும் என்று பார்க்க வேண்டாம்.